3·2^எக்ஸ் சார்பின் வரைபடம்: புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைத்தால் ஏன் தவறு?

டல்லஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 என்னும் முதல் இயற்கணிதப் பாடத்தைப் படிக்கிறாள். நேரிய சார்புகளை முடித்துவிட்டு இப்போது அடுக்குக்குறிச் சார்புகளுக்கு வந்திருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தில் ஒய் = 3·2^எக்ஸ் என்னும் சார்பை, எக்ஸின் மதிப்பு −3 முதல் 3 வரை இருக்கும் பகுதிக்கு வரையச் சொல்லியிருந்தார்கள். (^ என்னும் குறியை அடுக்கைக் காட்டப் பயன்படுத்துகிறேன்.) அவள் அட்டவணையைச் சரியாகவே போட்டிருந்தாள்: 0.375, 0.75, 1.5, 3, 6, 12, 24. ஆனால் புள்ளிகளைக் குறித்தபின் அவற்றை அளவுகோல் வைத்து நேர்கோட்டுத் துண்டுகளால் இணைத்துவிட்டாள்; இடப்பக்கத்தில் வளைவரையை எக்ஸ் அச்சில் கொண்டுபோய் ஒட்டி, அதன் மேலேயே இழுத்தும் விட்டாள். இரண்டுக்கும் மதிப்பெண் குறைக்கப்பட்டது.

அவள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. நாம் கண்டுபிடித்தவை ஏழு புள்ளிகள் மட்டுமே என்னும்போது, இடைப்பட்ட பகுதி நேர்கோடு அல்ல என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? அவள் தேர்ந்தெடுத்த அளவுத்திட்டத்தில் 0.375 என்பது பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும் நிலையில், அச்சைத் தொடுவது ஏன் தவறு? இன்னொன்றும் உண்டு. 3·2^எக்ஸ் என்பதை 6^எக்ஸ் என்று எழுதலாம் என்று அவளுடைய தோழி சொன்னாளாம்; எக்ஸ் = 1 எனப் போட்டுப் பார்த்தபோது இரண்டிலும் 6 வந்ததால் இவளும் அதை நம்பிவிட்டாள். விதியை மனப்பாடமாகச் சொல்லாமல் காரணத்தோடு விளக்குபவர்கள் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

நெல்லைக் கணக்காசிரியர்

ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் அது எளிது. எக்ஸ் = 0 எனப் போட்டுப் பாருங்கள். 3·2^0 = 3; 6^0 = 1. எக்ஸ் = 2 எனில் முதலாவது 12, இரண்டாவது 36. இரண்டு வளைவரைகளும் எக்ஸ் = 1 என்னும் ஒரே இடத்தில் மட்டும் வெட்டிக்கொள்கின்றன; தோழியர் இருவரும் சோதித்துப் பார்த்தது அந்த ஓர் இடத்தைத்தான். அடுக்கு 2-க்கு மட்டும் உரியது, முன்னால் நிற்கும் 3 அந்த அடுக்கில் பங்கெடுப்பதில்லை. அந்த 3-க்கு வேறொரு வேலை உண்டு: வளைவரை ஒய் அச்சை எங்கே வெட்டும் என்பதை அது சொல்கிறது.

இப்போது முதல் கேள்வி. அது நல்ல கேள்வி, பல வகுப்பறைகளில் யாரும் கேட்காமலே விட்டுவிடும் கேள்வியும்கூட. நேரிய சார்பில் எக்ஸ் ஒவ்வோர் அலகு கூடும்போதும் ஒய்யுடன் ஒரே எண் கூட்டப்படுகிறது. அடுக்குக்குறிச் சார்பில் எக்ஸ் ஒவ்வோர் அலகு கூடும்போதும் ஒய் ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறது. நாம் பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர்வரிசைக்கும் பெருக்குத் தொடர்வரிசைக்கும் உள்ள வேறுபாடுதான் இது. உங்கள் மகள் குறித்த ஏழு புள்ளிகளின் உயரங்கள் ஒரு பெருக்குத் தொடர்வரிசை. அதன் பொது விகிதம் 2.

இடைப்பட்ட இடத்திலும் இதே பண்பு நீடிக்க வேண்டும் என்று கேட்பதிலிருந்துதான் வளைவு பிறக்கிறது. எக்ஸ் 0-இலிருந்து 1-க்குப் போகும்போது ஒய் 3-இலிருந்து 6 ஆகிறது. அந்தப் பயணத்தை இரண்டு அரை அடிகளாகப் பிரித்தால், சம அடிகளுக்குச் சம விகிதம் என்னும் விதிப்படி ஒவ்வோர் அரை அடியும் ஒய்யை ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்ணை இருமுறை பெருக்கினால் 2 வர வேண்டும். ஆகவே அது 2-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. எக்ஸ் = 1/2 என்னுமிடத்தில் உயரம் 3 × 1.414, அதாவது 4.24. அளவுகோல் வைத்து இணைத்தால் அங்கே கிடைக்கும் உயரமோ 3-க்கும் 6-க்கும் நடுவான 4.5. வலப்பக்கக் கடைசித் துண்டில் வேறுபாடு இன்னும் கண்ணுக்குப் புலப்படும்: எக்ஸ் = 2.5 எனில் உண்மையான உயரம் 16.97, அளவுகோல் தரும் உயரம் 18. இரண்டு வெவ்வேறு மிகை எண்களின் பெருக்குச் சராசரி, அதாவது அவற்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலம், எப்போதும் அவற்றின் கூட்டுச் சராசரியை விடச் சிறியது. ஆதலால் எந்த இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தாலும் வளைவரை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் தொங்கும். பிள்ளைகளிடம் "மென்மையாக வளைத்து வரை" என்று மட்டும் சொல்வது போதாது. அது அழகுக்காகச் செய்யும் வேலை என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். எக்ஸ் = 1/2, 3/2, 5/2 ஆகிய மூன்று இடங்களிலும் மதிப்பைக் கணக்கிட்டுக் குறிக்கச் செய்யுங்கள்; அளவுகோல் தானாகவே மேசைக்குப் போய்விடும்.

வகுப்பறைக்கு வெளியிலும் இது செல்லும். தைராய்டு சிகிச்சையில் பயன்படும் அயோடின்-131 என்னும் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் காலம் ஏறத்தாழ 8 நாள். 100 பங்கு இருந்தால் எட்டாம் நாளில் 50 பங்கு எஞ்சும். நான்காம் நாளில் எவ்வளவு எஞ்சும் என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் 75 என்பார்கள், அது அளவுகோல் தரும் விடை. உண்மையில் எஞ்சுவது 70.7 பங்கு. முதல் நான்கு நாளில் 29.3 பங்கு குறைகிறது, அடுத்த நான்கு நாளில் 20.7 பங்குதான் குறைகிறது; ஆனால் இரண்டு முறையும் பெருக்கப்படுவது அதே 0.707-ஆல்தான்.

அச்சைத் தொடும் கேள்விக்கு வருகிறேன். இடப்பக்கம் ஒவ்வோர் அடிக்கும் உயரம் பாதியாகிறது. ஒரு மிகை எண்ணைப் பாதியாக்கினால் இன்னொரு மிகை எண்தான் கிடைக்கும், எத்தனை முறை செய்தாலும் 0 கிடைக்காது. ஒய் = 0 என்னும் கோடு இந்த வளைவரையின் தொலைத்தொடுகோடு, அதாவது வளைவரை நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோடு; இங்கே அதுவும் எக்ஸ் அச்சும் ஒன்றே. பென்சிலின் தடிமன் என்பது தாளின் குறைபாடு, சார்பின் பண்பு அன்று. ஆனால் உங்கள் மகளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை அளவுத்திட்டத்தின் மூலம் சரிசெய்ய வேண்டும். எக்ஸ் அச்சில் 2 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள் என எடுத்தால், 24 என்னும் உயரம் 12 செ.மீ.இல் அடங்கும், 0.375 என்னும் உயரம் அச்சுக்கு மேல் ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி நன்றாகத் தெரியும். இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டியதில்லை, ஆனால் எடுத்த அளவைத் தாளின் மூலையில் எழுதியாக வேண்டும். இதே திட்டத்தில் எக்ஸ் = −5 வரை நீட்டினால் உயரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். அங்கே எந்தக் கையாலும் இடைவெளியைக் காட்ட முடியாது. அதற்கு முன்பே கோட்டை நிறுத்தி அம்புக்குறி இட்டுவிடுவதுதான் முறை.

---

குறுக்குக்கோடு

இவ்வளவும் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் டெஸ்மோஸ் போன்ற இலவசக் கருவி ஒரு நொடியில் வரைந்து தரும் வளைவரையை, ஒரு குழந்தை வர்க்கமூலமெல்லாம் கணக்கிட்டுக் கையால் வரைவதால் என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை. சார்பை உள்ளிட்டு, 3-க்கும் 2-க்கும் பதிலாக நகர்த்தக்கூடிய பட்டைகளை வைத்து அவற்றை மாற்றிப் பார்த்தால், எது எதைச் செய்கிறது என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். வரைபடத்தாளில் கடைசியாக எப்போது வரைந்தேன் என்பதே நினைவில்லை.

---

தொறொன்ரோ ஆசிரியை

குறுக்குக்கோடு அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பட்டைகளை நகர்த்திப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி, எனது வகுப்பிலும் செய்விக்கிறேன். ஆனால் திரையும் பென்சிலைப் போலவே பொய் சொல்லும் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் அதைக் கையில் கொடுப்பேன். பழைய டிஐ-84 பிளஸ் கணிப்பானின் திரையில் அகலத்துக்கு 96, உயரத்துக்கு 64 புள்ளிகளே உள்ளன. வழக்கமான சாளரத்தில், அதாவது இரண்டு அச்சுகளும் −10 முதல் 10 வரை இருக்கையில், 2^எக்ஸ் சார்பை வரைந்தால் இடப்பக்கம் −3-ஐத் தாண்டியதும் கோடு அச்சின் மேலேயே படிந்துவிட்டதாகத் தெரியும். வலப்பக்கம் 3.3-ஐத் தாண்டியதும் கோடு திரையின் மேல் விளிம்பைக் கடந்து மறைந்துவிடும். இடப்பக்கத்தில் சுழியம், வலப்பக்கத்தில் ஒரு சுவர், நடுவில் ஒரு சிறு வளைவு என்பதுதான் மாணவரின் மனத்தில் பதியும் படம். சில பிள்ளைகள் வலப்பக்கம் அந்த வரைபு செங்குத்தாகிவிடுகிறது என்றும், அங்கேயும் ஓர் அணுகுகோடு (தொலைத்தொடுகோடு) இருக்கிறது என்றும் எழுதுவார்கள். எக்ஸின் எந்தப் பெறுமானத்துக்கும் 2^எக்ஸ் இருக்கிறது, 1 செ.மீ. = 1 அலகு என்று வரைந்தால் எக்ஸ் = 10 என்னுமிடத்தில் உயரம் 10 மீட்டரைத் தாண்டும், எக்ஸ் = 20 என்னுமிடத்தில் 10 கிலோமீட்டரைத் தாண்டும், ஆனாலும் அது ஓர் உயரமே தவிரச் சுவர் அன்று.

கருவிகளில் இன்னொரு பொறியும் உண்டு. −2^2 என்று டிஐ-84இல் அழுத்தினால் −4 வரும்; எக்செல் கலத்தில் =−2^2 என்று எழுதினால் 4 வரும். கணித வழக்கப்படி முதலாவதே சரி: அடுக்கை முதலில் கணக்கிட்டு, பிறகு எதிர்க்குறியைச் சேர்க்க வேண்டும். இதை அறியாத பிள்ளை எக்செலில் −2^எக்ஸ் சார்புக்கு அட்டவணை போட்டால், ஒரு புள்ளி மேலேயும் மறு புள்ளி கீழேயுமாகச் சிதறி, எங்கே பிழை நேர்ந்தது என்று தெரியாமல் தவிக்கும்.

வட்டி, தேய்மானம் பற்றிய வசனக் கணக்குகளிலும் மதிப்பெண் போவது பெரும்பாலும் வரைவதற்கு முன்பே. 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டி என்றால் பெருக்கும் எண் 1.07, 0.07 அன்று. முதலாவதை வைத்தால் பத்து ஆண்டுகளில் தொகை 19,672 ரூபாயாக ஏறத்தாழ இரட்டிக்கிறது. இரண்டாவதை வைத்தால் ஓர் ஆண்டிலேயே 700 ரூபாயாகச் சுருங்குகிறது. ஆண்டுதோறும் 15 சதவீதம் மதிப்பிழக்கும் வாகனத்துக்கு 0.85, 0.15 அன்று. ஏறும் வரைபா, இறங்கும் வரைபா என்பதை வாக்கியத்தைப் படித்தவுடன் முடிவுசெய்து மூலையில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்கும் பழக்கம் இருந்தால், இந்தப் பிழை அட்டவணையின் முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும்.

---

டல்லஸ்வாசி

நெல்லை ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் மிக்க நன்றி. அரை அடிகளைக் கணக்கிட்டுக் குறிக்கச் சொன்னேன், 16.97 என்னும் புள்ளி தான் இழுத்திருந்த கோட்டுக்குக் கீழே விழுந்ததைப் பார்த்தபின் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த பாடம் இடப்பெயர்ச்சி. 2^(எக்ஸ் + 3), 2^எக்ஸ் + 3 ஆகிய இரண்டையும் ஒரே தாளில் வரைய வேண்டும். முதலாவதை வலப்பக்கம் நகர்த்துவதா இடப்பக்கம் நகர்த்துவதா என்பதில் குழப்பம். மேலும், அடிமானம் (அடுக்கைத் தாங்கி நிற்கும் எண்) ஏன் குறை எண்ணாக இருக்கக் கூடாது என்றும் கேட்கிறாள். −2-இன் அடுக்குகளை எளிதாகக் கணக்கிட முடிகிறதே என்கிறாள்.

---

நெல்லைக் கணக்காசிரியர்

முதலாவது இடப்பக்கம் நகரும். 2^எக்ஸ் சார்பு எக்ஸ் = 0 என்னுமிடத்தில் அடையும் 1 என்னும் உயரத்தை, 2^(எக்ஸ் + 3) மூன்று அலகு முன்னதாக, எக்ஸ் = −3 என்னுமிடத்திலேயே அடைந்துவிடுகிறது. ஆனால் திசையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் இந்தச் சார்புக்கே உரிய ஒரு சிறப்பை இழந்துவிடுவோம். அடுக்கு விதிப்படி 2^(எக்ஸ் + 3) = 2^3 · 2^எக்ஸ் = 8·2^எக்ஸ். வளைவரையை மூன்று அலகு இடப்பக்கம் தள்ளுவதும், ஒவ்வோர் உயரத்தையும் எட்டு மடங்காக்குவதும் இங்கே ஒன்றே. இருபடிச் சார்பின் பரவளையத்தை இப்படிச் செய்து பாருங்கள், நடக்காது. பக்கவாட்டில் தள்ளிய பரவளையத்தை உயரத்தைப் பெருக்கி மட்டும் ஒருநாளும் பெற முடியாது. சம அடிக்குச் சம விகிதம் என்று முன்னர்ச் சொன்ன விதிதான் மூன்று அடிகளுக்கு எட்டு மடங்கு என்று இங்கே வேலை செய்கிறது. எனவே ஒய் அச்சை வெட்டும் இடம் 8, தொலைத்தொடுகோடு முன்போலவே ஒய் = 0.

இரண்டாவது வேறு வகை. 2^எக்ஸ் + 3 என்பதில் ஒவ்வோர் உயரத்துடனும் 3 கூட்டப்படுவதால் முழு வளைவரையும் தொலைத்தொடுகோட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறது; இப்போது தொலைத்தொடுகோடு ஒய் = 3, ஒய் அச்சை வெட்டும் இடம் 4. இந்த ஒய் = 3 கோட்டைப் புள்ளிகளைக் குறிப்பதற்கு முன்பே புள்ளிக்கோடாக வரைந்துவிடச் சொல்லுங்கள். வீச்சகமும், அதாவது ஒய் பெறும் மதிப்புகளின் தொகுப்பும், அதிலிருந்தே தெரிந்துவிடும்: 3-ஐவிடப் பெரிய எண்கள் அனைத்தும்.

ஆறும் காபியில் இதைப் பார்க்கலாம். 28 பாகை வெப்பமுள்ள அறையில் 80 பாகையில் வைத்த காபி பத்து நிமிடத்துக்கொரு முறை 80, 54, 41, 34.5 என்று ஆறுவதாகக் கொள்வோம். இந்த எண்களிடையே பொது விகிதம் இல்லை. மாணவர் இது அடுக்குக்குறிச் சார்பே அன்று என்று முடிவுகட்டிவிடுவார். அறையின் 28 பாகையை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால் 52, 26, 13, 6.5 என்று வரும், விகிதம் உடனே வெளிப்படும். காபி குளிர்ந்து போகும் எல்லை 28 பாகைதான், 0 அன்று. தொலைத்தொடுகோடு எங்கே இருக்கிறது என்று கண்டு அதைக் கழித்தபின்தான் விகிதத்தைத் தேட வேண்டும் என்பதை அல்ஜீப்ரா 1 நிலையிலேயே சொல்லிக்கொடுக்கலாம். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் இந்த வளைவரைகளைச் சந்திக்கும் மாணவர்களும் தடுமாறும் இடம் இதுவே.

---

குறுக்குக்கோடு

காபிக் கணக்கை டெஸ்மோஸில் போட்டுப் பார்த்தேன். அந்த நான்கு புள்ளிகளையும் தொலைத்தொடுகோடு இல்லாத சார்போடு பொருத்தச் சொன்னால் கருவி மறுப்பேதும் சொல்லாமல் ஒரு தவறான வளைவரையைப் பொருத்தித் தருகிறது. 28-ஐக் கழிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். சரி, கையால் வரையும் கட்சிக்கு இந்தச் சுற்றை விட்டுக்கொடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2020இல் கொரோனா எண்ணிக்கையைக் காட்டிய பல படங்களில் ஒய் அச்சில் 10, 100, 1,000, 10,000 என்று சம இடைவெளியில் குறித்திருந்தார்களே, அது மடக்கை அளவு. சம விகிதத்துக்குச் சம உயரம் தரும் அந்த அச்சில் 3·2^எக்ஸ் ஒரு நேர்கோடு. வளரும் பிள்ளைக்கு இதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்; அந்தத் தாளில் மட்டும் அளவுகோலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

---

தொறொன்ரோ ஆசிரியை

குறை எண் அடிமானம் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வராததால் எழுதுகிறேன். மகள் சொல்வது உண்மை. (−2)^எக்ஸ் என்பதற்கு முழு எண் அடுக்குகளில் பெறுமானம் உண்டு. எக்ஸ் −1 முதல் 3 வரை எடுத்தால் −1/2, 1, −2, 4, −8. அவற்றைத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்று அச்சுக்குக் கீழே, அடுத்தது மேலே என மாறி மாறி விழும். பிறகு, இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்த அரை அடியை எடுக்கச் சொல்லுங்கள். இருமுறை பெருக்கினால் −2 வர வேண்டிய எண் எது? மெய்யெண்களில் அப்படி ஓர் எண் கிடையாது, ஏனெனில் எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண்ணாவதில்லை. மூன்றில் ஓர் அடி எடுத்தால் −2-இன் கனமூலம், ஏறத்தாழ −1.26, கிடைக்கிறது, நான்கில் ஓர் அடி எடுத்தால் மறுபடியும் ஒன்றும் இல்லை. எவ்வளவு சிறிய இடைவெளியை எடுத்தாலும் அதற்குள் பெறுமானம் இல்லாத இடங்கள் நிரம்பியிருக்கும்போது, புள்ளிகளை இணைத்து ஒரு தொடர்ச்சியான வரைபு வரைய வழியில்லை. அடிமானம் 0 எனில் இடப்பக்கம் 0-ஆல் வகுக்க நேரும். 1 எனில் எல்லா உயரமும் 1, வெறும் கிடைக்கோடு.

−2^எக்ஸ், (−2)^எக்ஸ், 2^(−எக்ஸ்) ஆகிய மூன்றும் தேர்வில் அடுத்தடுத்து வரக்கூடும். முதலாவது 2^எக்ஸ் வரைபு எக்ஸ் அச்சில் பிரதிபலித்துக் கீழே கவிழ்ந்தது. அது −1 என்னுமிடத்தில் ஒய் அச்சை வெட்டும், அதன் உயரங்கள் யாவும் குறை எண்கள். மூன்றாவது ஒய் அச்சில் பிரதிபலித்தது, (1/2)^எக்ஸ் என்பதும் அதுவே. உயரங்கள் யாவும் மிகை எண்கள், வலப்பக்கம் போகப்போக இறங்கும். நடுவில் நிற்பதைக் கண்டால் வரைய முற்படாமல், அது அடுக்குக்குறிச் சார்பு அன்று என்று காரணத்துடன் எழுதினால் போதும்.